பாறைத் தூளும் புளித்த மண்ணும்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கிளிஞ்சல் கலந்த கடல் மணல். சொந்த விளை இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம், செம்மண்ணில். ராக் பாஸ்பேட் தூள் அங்கே அருமையான உரம்; இங்கே முருங்கைக்குப் போட்டால் கல்பொடியாகவே கிடக்கும். மண்ணின் புளிப்புதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்த காலத்தில்தான் இது எனக்கு விளங்கியது. கப்பலில் வரும் பாஸ்பேட் பாறையை உர ஆலைகள் கந்தக அமிலத்தில் கரைத்துத்தான் சூப்பர் பாஸ்பேட் ஆக்குகின்றன. 1906இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் தொடங்கிய ஆலையும் சூப்பர் பாஸ்பேட்டுக்காகத்தான். அமிலம் பட்டால்தான் பாறைக்குள் இருக்கும் மணிச்சத்து வேருக்குக் கிடைக்கும். புளித்த மண் அந்த வேலையைத் தானே மெதுவாகச் செய்கிறது. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலை 5.5க்குக் கீழே இருந்தால் ராக் பாஸ்பேட்டை நம்பிப் போடலாம். 7ஐத் தாண்டினால் அந்தப் பணம் வீண்.

குமரியில் இரண்டு பருவமழையும் கொட்டி, மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகின்றன. மிஞ்சுகிற இரும்பும் அலுமினியமும் நாம் போடும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. “அண்ணாச்சி, டிஏபி மூட்டை மூட்டையாப் போட்டாச்சு, எல்லாத்தையும் மண்ணே தின்னுட்டு” என்று பக்கத்து விளைக்காரர் சொன்னது முழு உண்மை.

அந்தப் பிடியைத் தளர்த்துவது பசுந்தாள்தான். தழை மட்கும்போது வெளிவரும் அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் கட்டிப்போடும். மணிச்சத்து பயிருக்கு மிஞ்சும். தண்ணீர் நிற்கும் வயலுக்குத் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. மேட்டு விளைக்கு நான் விதைப்பது சணப்பை. ராக் பாஸ்பேட்டைப் பசுந்தாள் விதைக்கும்போதே மண்ணில் கலந்துவிடுவேன். அடுத்த பயிர் வருவதற்குள் தூள் கரையத் தொடங்க அவகாசம் கிடைக்கும், பசுந்தாள் செடியும் அதில் ஒரு பங்கை எடுத்துத் தழையில் சேர்த்து வைக்கும். பூ எடுக்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி உழுதுவிட வேண்டும். தண்டு நாராகிவிட்டால் மட்க நாளாகும்.

உழுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சுகள் நிறைய இருந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. முடிச்சே இல்லையென்றால் மண் மிகவும் புளித்திருக்கக்கூடும். அங்கே பசுந்தாள் மட்டும் போதாது, டோலமைட் தேவைப்படும். அளவை மண் பரிசோதனைக்காரர்களிடம் கேட்டுப் போடுங்கள். டோலமைட்டையும் ராக் பாஸ்பேட்டையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். டோலமைட்டில் உள்ள சுண்ணாம்பு புளிப்பைத் தணித்தால் பாறை கரையாது. நான் ராக் பாஸ்பேட்டை முதலில் போட்டுச் சில மாதம் விடுகிறேன்.

தென்னை, ரப்பர் போன்ற நீண்ட காலப் பயிருக்கு இந்த நிதானம் ஒத்துவரும். மூன்று மாதத்தில் காய் பறிக்கும் வெண்டைக்குச் சூப்பர் பாஸ்பேட்தான் சரி. பாறை கரையும்வரை அது காத்திருக்காது.

அம்மோனியம் சல்பேட்டைக் குறைத்துக்கொள்வதும் முக்கியம். மண்ணை மேலும் அதிகமாகப் புளிக்க வைக்கும் உரங்களில் அதுவும் ஒன்று.