அரவமும் தலமும்: சங்கரன்கோவில் புற்றுத் தொன்மமும் ஹாங்சோ வெள்ளரவத் தொன்மமும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தொன்மம் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு நிலைபெறும்போது அவ்விடமே அத்தொன்மத்தின் சான்றாகக் காட்டப்படுகிறது. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் வழங்கும் சங்கன், பதுமன் தொன்மத்தையும், சீனத்தின் ஹாங்சோ நகர் மேற்கு ஏரிக்கரையில் வழங்கும் வெள்ளரவத் தொன்மத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரண்டிலும் அரவங்கள் இணையாக வருகின்றன. இரண்டிலும் மக்கள் அவ்விடத்தின் மண்ணையோ செங்கல்லையோ காப்பாகக் கொண்டு சென்றுள்ளனர். எனினும் தொன்மம் இடத்தைக் காத்த முறையும் இடம் தொன்மத்தைக் காத்த முறையும் வேறுபடுகின்றன.

திறவுச்சொற்கள்: தலத்தொன்மம், புற்றுவழிபாடு, சங்கரநாராயணர், ஆடித்தபசு, லெய்ஃபெங் தூபி, வெள்ளரவம்.

முன்னுரை

தமிழகத்திற்கும் சீனத்திற்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் வணிக வரலாறாகவே பேசப்படுகிறது. ஆயினும் வணிகரோடு தலத்தொன்மங்களும் கடல் கடந்தன. சீனத் துறைமுகமான சுவான்சோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்குச் சிவன்கோயில் ஒன்று இருந்ததை உணர்த்துகிறது. அந்நகரில் கிடைத்த சிற்பங்களுள் யானை இலிங்கத்தைப் பூசிப்பதும் பசு இலிங்கத்தின்மீது பால் சொரிவதும் காணப்படுகின்றன. தமிழகத் தலவரலாறுகளில் பயின்றுவரும் காட்சிகள் இவை. இத்தகைய நேரடித் தொடர்பு இல்லாத இரு தொன்மங்களை ஒப்பிடும்போது, ‘எது எதிலிருந்து வந்தது’ என்னும் வினாவைவிட ‘ஒவ்வொன்றும் தன் இடத்தில் என்ன செய்கிறது’ என்னும் வினாவே பயன்தரும்.

சங்கரன்கோவில்: தொன்மத்தின் இரு அடுக்குகள்

சங்கரன்கோவில் தலவரலாற்றில் இரு கதைகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, நாக அரசர்களாகிய சங்கன், பதுமன் ஆகியோரின் வழக்கு. சங்கன் சிவபெருமானே பெரியவர் என்றான். பதுமன் திருமாலே பெரியவர் என்றான். வழக்குத் தீராமல் இருவரும் அம்மையிடம் முறையிட, அம்மை புன்னைவனத்தில் தவமிருந்தாள். தேவமகளிர் பசுக்களாக உடன்வந்தமையால் அம்மை கோமதி எனவும் ஆவுடையம்மை எனவும் பெயர்பெற்றாள். ஆடி மாத உத்திராட நாளில் இறைவன் ஒருபாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் காட்சி தந்தார். நாகர் இருவரும் அவ்விடத்திலேயே தங்கினர். கோயிலிலுள்ள நாகசுனை அவர்கள் அகழ்ந்தது என்பது மரபு.

இரண்டாவது, புற்றைக் கண்டெடுத்த கதை. புன்னைவனக் காவலனாகிய மணிக்கிரீவன், காவற்பறையன் எனத் தலவரலாற்றில் குறிக்கப்பெறுபவன், புற்றொன்றை வெட்டியபோது அதிலிருந்த பாம்பின் வால் அறுபட்டது. புற்றினுள் இலிங்கம் தோன்றியது. அதே வேளையில் உக்கிரபாண்டியனின் யானை பெருங்கோட்டூரில் தந்தங்களை நிலத்தில் ஊன்றி நகர மறுத்தது. காவலன் சொன்ன செய்தி கேட்டு அரசன் வந்து கோயில் எடுத்தான் என்பது கதை.

இவ்விரு அடுக்குகளின் பணிகள் வேறு. முதற்கதை சமயக் கருத்தை நிறுவுகிறது. அதன் மாந்தர் தெய்வங்களும் நாகங்களும். இரண்டாங்கதை நிலத்தை அடையாளப்படுத்துகிறது; அதன் மாந்தர் காவலனும் அரசனும். அவ்விடத்தை முதலில் கண்டவன் அரசன் அல்லன். காட்டைக் காத்த எளியவன். தலவரலாற்றைச் சுருக்கிச் சங்கன், பதுமன் வழக்கோடு நிறுத்தினால் இழப்பது ஒரு கிளைக்கதையை மட்டும் அன்று. இடத்தின் மீது எளியோர் கொண்ட முதலுரிமை பற்றிய நினைவும் மறையும்.

உக்கிரபாண்டியன் என்னும் பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். திருவிளையாடற் புராணத்திலும் உக்கிரகுமார பாண்டியன் வருகின்றான். எனவே இப்பெயரை மட்டும் கொண்டு கோயிலின் காலத்தைக் கணித்தல் பொருந்தாது. பாம்பாட்டிச் சித்தரின் அடக்கவிடம் சங்கரன்கோவிலில் உள்ளது என்னும் வழக்கும் இவ்வாறே நோக்கத்தக்கது. அவரை மருதமலையோடு தொடர்புபடுத்தும் வழக்கும் உண்டு. அரவத்தால் புகழ்பெற்ற தலம் அரவத்தோடு தொடர்புடைய சித்தரைத் தன்பால் ஈர்த்துக்கொள்வது தொன்ம வளர்ச்சியின் இயல்பு.

புற்றும் சடங்கும்

புற்றை இறையிடமாகக் கொள்வது சங்கரன்கோவிலுக்கு மட்டும் உரியதன்று. திருவாரூரில் இறைவன் புற்றிடங்கொண்டார் எனப்படுகிறார். திருவொற்றியூரிலும் புற்றுருவான இலிங்கம் வழிபடப்படுகிறது. சங்கரன்கோவிலின் தனித்தன்மை, புற்றுமண் அடியாரின் கைக்கும் உடலுக்கும் வந்து சேர்வதில் உள்ளது. அம்மண்ணை நெற்றியிலும் மேனியிலும் பூசிக்கொள்வோர் தோல்நோயும் நச்சுயிர் அச்சமும் நீங்கும் என நம்புகின்றனர். தொன்மம் இங்குக் கேட்கப்படும் கதை மட்டும் அன்று; தொட்டு எடுத்துச் செல்லப்படும் பொருள்.

ஆடித்தபசு விழா அக்கதையை ஆண்டுதோறும் நிகழ்த்துகிறது. அம்மை தபசு மண்டபத்தில் எழுந்தருள, மாலையில் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். இரவில் அம்மையின் வேண்டுதலுக்கிணங்கச் சங்கரலிங்கராகவும் காட்சி தருகிறார். உழவர்கள் பருத்தி, வத்தல் முதலிய விளைபொருள்களைச் சூறையிடுகின்றனர். கரிசல் நிலத்து விளைச்சல் இவ்வாறு தெய்வக் கதையின் உறுப்பாகிறது.

ஹாங்சோ: தூபியும் அரவமும்

வெள்ளரவத் தொன்மத்தில் பாய் சூசன் என்னும் வெள்ளரவம் பெண்ணுருக்கொண்டு சூ சியான் என்பவனை மணக்கிறது; சியாவ்சிங் என்னும் பச்சையரவம் துணைவியாக உடனிருக்கிறது. ஃபாஹாய் என்னும் துறவி வெள்ளரவத்தை அடக்கி லெய்ஃபெங் தூபியின் அடியில் சிறைவைக்கிறார். 1624இல் ஃபெங் மெங்லுங் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இக்கதை இடம்பெற்றது. அதில் அரவத்தை அடக்கிய துறவியின் வெற்றியே முடிபு. 1771இல் ஃபாங் செங்பெய் அமைத்த நாடக வடிவில் பரிவு அரவத்தின் பக்கம் திரும்புகிறது.

தூபியோ இக்கதைக்கு முற்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் வூயுவே நாட்டு அரசர் சியான் சூ எழுப்பிய பௌத்தச் சின்னம் அது. பிற்காலத்தில் தீயினால் மரப்பகுதிகள் அழியச் செங்கல் உடல் மட்டும் எஞ்சியது. அச்செங்கல் வீட்டில் இருந்தால் நன்மை பயக்கும் என நம்பிய மக்கள் அதைச் சிறிது சிறிதாகப் பெயர்த்துச் சென்றனர். 1924 செப்டம்பர் 25 அன்று தூபி சரிந்தது. எழுத்தாளர் லூ சுன் இச்சரிவை முன்வைத்து எழுதிய கட்டுரைகள் புகழ்பெற்றவை. 2001ஆம் ஆண்டு அகழாய்வில் தூபியின் அடித்தளத்து நிலவறையில் கிடைத்தவை பௌத்தத் திருப்பொருள்கள். 2002இல் அதே இடத்தில் புதிய தூபி எழுந்தது.

ஒப்பீடு

முதலாவதாக, முடிபு வேறுபடுகிறது. சங்கரன்கோவிலில் அரவங்களின் வழக்கு இணக்கத்தில் முடிகிறது. இரு தரப்பும் கோயிலினுள் இடம்பெறுகின்றன. ஹாங்சோவில் வழக்கு சிறையில் முடிகிறது. அதனால் விடுதலை வேண்டும் மறுகதைகள் தோன்ற இடமுண்டாயிற்று.

இரண்டாவதாக, சடங்கின் துணை வேறுபடுகிறது. புற்றுமண் கோயிலின் வழக்காறாக வழங்கப்படுகிறது. மண் எடுக்கப்பட்டாலும் வழிபாடு குன்றுவதில்லை. தூபிச் செங்கல்லை எடுப்பதற்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. நம்பிக்கையே கட்டடத்தை அரித்தது.

மூன்றாவதாக, இடமும் தொன்மமும் ஒரே காலத்தன அல்ல என்பதை ஹாங்சோ அகழாய்வு தெளிவாக்குகிறது. அரவம் இருந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் பௌத்தப் பேழை இருந்தது. அதனால் தொன்மம் பொய்த்துவிடவில்லை. தூபி மீண்டும் எழுந்ததற்கு அத்தொன்மம் பெற்றுத்தந்த புகழும் காரணமாயிற்று.

முடிவுரை

தலத்தொன்மத்தை வரலாறாக ஏற்பதும் கட்டுக்கதையாக ஒதுக்குவதும் ஆய்வுக்குப் போதா. சங்கரன்கோவிலில் தொன்மம் புற்றுமண்ணிலும் சுனையிலும் விழாவிலும் பங்கிடப்பட்டுள்ளது; ஒன்று தேயினும் மற்றவை அதைத் தாங்கும். ஹாங்சோவில் அது ஒரே கட்டடத்தின்மீது ஏற்றப்பட்டது. கட்டடம் சரிந்தபின் எழுத்தும் நாடகமும் அதைத் தாங்கின. ஆதலின் தலவரலாறுகளைப் பதிப்பிப்போரும் தொகுப்போரும் கதையை மட்டும் பதிவு செய்தல் போதாது. அக்கதையோடு பிணைந்த பொருளையும், அதைக் கையாளும் மக்களையும், மணிக்கிரீவன் போன்ற எளிய மாந்தரையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும்.