லாகாஃப் ஆகும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்: மெயின்பிரேமில் வழி உண்டா?

கேள்வி: திருத்தங்கலில் வீட்டில் இருந்தபடியே, சென்னை நிறுவனம் ஒன்றின் மூலம், அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்பிரேமில் வேலை பார்க்கிறேன். டெஸ்டிங்குக்காகத் தற்காலிக டேட்டாசெட்டுகள் நிறைய உருவாக்குவேன். ஷிஃப்ட் முடியும்போது விடிந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் அவற்றை அழிக்காமலே லாகாஃப் செய்துவிடுகிறேன். இடத்தை அடைக்கிறேன் என்று டீம் லீட் சத்தம் போடுகிறார். எல்லாவற்றையும் அழிக்க ஒரு ரெக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. லாகான் ஆனதும் ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓடுகிறதல்லவா, அதுபோல லாகாஃப் ஆகும்போதும் ஓடவைக்க முடியுமா? இன்னொன்று: இங்கே திடீரென்று கரண்ட் போய்விடும். திரும்ப உள்ளே போனால் 'யூசர் ஐடி இன் யூஸ்' என்று தள்ளிவிடுகிறது. அந்த மாதிரி நேரத்திலும் ஸ்கிரிப்ட் ஓடுமா? (அப்பா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். "வேலை முடிஞ்சா இடத்தைக் கூட்டிட்டு வரத் தெரியாதா?" என்று அவரும் சேர்ந்து கேலி செய்கிறார்.)

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருத்தங்கல்

பதில்: முதல் கேள்விக்கு, நேரடி வசதி இல்லை, ஆனால் சுலபமான வழி உண்டு. இரண்டாவது கேள்விக்கு, ஓடாது. அதனால் உங்கள் ஸ்கிரிப்டை லாகாஃபில் மட்டும் நம்பி வைக்காதீர்கள் என்பதுதான் என் பதிலின் சாரம்.

ஏன் நேரடி வசதி இல்லை? மெயின்பிரேமைப் பொறுத்தவரை உங்கள் டி.எஸ்.ஓ. செஷனும் ஒரு ஜாப்தான். எஸ்.டி.எஸ்.எஃப்.பில் போய்ப் பார்த்தால் உங்கள் ஐடி 'டி.எஸ்.யு.' என்ற எண்ணோடு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். லாகான் திரையில் 'புரொசீஜர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் இருப்பது ஒரு ஜே.சி.எல். புரொசீஜரின் பெயர். அந்த ஜே.சி.எல். ஓடவைக்கும் புரோகிராம், நீங்கள் அடிக்கும் கமாண்டை வாங்கும், செய்யும், அடுத்ததற்குக் காத்திருக்கும். 'லாகாஃப்' என்ற கமாண்ட் வந்ததும் அந்தச் சுற்று நின்று ஜாப் முடிந்துவிடும். முதலில் எந்தக் கமாண்டைச் செய்வது என்று சொல்ல உங்களுக்கு லாகான் திரையில் 'கமாண்ட்' வரி இருக்கிறது. கடைசியில் எதைச் செய்வது என்று சொல்ல அப்படி ஒரு கட்டம் கிடையாது.

ஆகவே லாகாஃப் ஸ்கிரிப்டை எழுத வேண்டிய இடம் லாகான் ஸ்கிரிப்ட்தான். ஐ.எஸ்.பி.எஃப்.புக்குள் நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்க, அதைத் தொடங்கிவைத்த ஸ்கிரிப்ட் அந்த ஒரு வரியிலேயே நின்று காத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் வெளியே வந்ததும் அடுத்த வரிக்குப் போகிறது. அந்த அடுத்த வரிதான் உங்களுக்கு வேண்டிய இடம்.

ஸ்கிரிப்டின் அமைப்பு இப்படி இருக்கட்டும். முதல் வரியில் 'ரெக்ஸ்' என்ற சொல் உள்ள கமெண்ட். ஸ்கிரிப்ட் 'சிஸ்ப்ராக்' லைப்ரரியில் இருந்தால் இது கட்டாயம், இல்லாவிட்டால் டி.எஸ்.ஓ. அதை சிலிஸ்ட் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாவதாக, ஐ.எஸ்.பி.எஃப்.பைத் தொடங்கும் வரி. உங்கள் நிறுவனம் இதற்கெனத் தனி சிலிஸ்ட் வைத்திருந்தால் அதை அழைக்கும் வரி. மூன்றாவதாக, நீங்கள் எழுதி வைத்திருக்கும் துப்புரவு ஸ்கிரிப்டை அழைக்கும் வரி. நான்காவதாக, 'புஷ்' கட்டளையால் 'லாகாஃப்' என்ற சொல்லை ஸ்டாக்கில் போடும் வரி. கடைசியாக 'எக்ஸிட்'. ஸ்கிரிப்ட் முடிந்ததும் டி.எஸ்.ஓ. அடுத்த கமாண்டுக்காகக் கீபோர்டைப் பார்ப்பதற்கு முன் ஸ்டாக்கைப் பார்க்கும். அங்கே 'லாகாஃப்' இருப்பதைக் கண்டு தானே வெளியேறிவிடும். இந்த ஸ்கிரிப்டின் பெயரை, முன்னால் சதவீதக் குறியோடு, லாகான் திரையின் 'கமாண்ட்' வரியில் ஒருமுறை அடித்துவிட்டால் போதும். அடுத்த தடவைக்கும் அது நினைவில் இருக்கும்.

இதில் வழுக்கும் இடங்கள் சில உண்டு.

துப்புரவு வரி ஓடும் நேரத்தில் ஐ.எஸ்.பி.எஃப். மூடப்பட்டிருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் டேட்டாசெட் பட்டியலை ஐ.எஸ்.பி.எஃப். சர்வீஸ் வழியாக எடுத்தால், உள்ளே இருக்கும்போது கையால் ஓட்டினால் ஓடும். வெளியே வந்ததும் மைனஸ் 3 என்ற ரிட்டர்ன் கோடைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். "கையால் ஓட்டினால் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் இதைப் பாருங்கள். பட்டியலை எடுக்க 'லிஸ்ட்கேட்' கமாண்டையும், அதன் விடையைப் பிடிக்க 'அவுட்ட்ராப்' ஃபங்ஷனையும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

திரையைப் பிரித்து வேலை செய்பவராக இருந்தால், எல்லாத் திரைகளும் மூடிய பிறகே கட்டுப்பாடு உங்கள் ஸ்கிரிப்டுக்குத் திரும்பும். ஒவ்வொன்றாக மூடச் சோம்பலாக இருந்தால் 'ஈக்வல் எக்ஸால்' அடியுங்கள். வெளியேறும்போது லாக் டேட்டாசெட்டை வைக்கவா அழிக்கவா என்று ஒரு திரை வந்து கேட்டால், செட்டிங்ஸில் லாக்-லிஸ்ட் பகுதிக்குப் போய் விடையை ஒரேயடியாகச் சொல்லிவையுங்கள்.

நிறுவனத்தின் சிலிஸ்டே கடைசியில் லாகாஃப் செய்கிறதா என்றும் பாருங்கள். செய்தால் உங்கள் மூன்றாவது வரிக்கு முறை வராது. அப்படியானால் சிஸ்டம்ஸ் புரோகிராமரிடம் பேச வேண்டியிருக்கும்.

அழிக்கும் விஷயத்தில் கறாராக இருங்கள். தற்காலிக டேட்டாசெட்டுகள் எல்லாவற்றுக்கும் உங்கள் ஐடியை அடுத்து 'டெம்ப்' போன்ற ஒரே அடையாளச் சொல்லை வையுங்கள். ஸ்கிரிப்ட் அந்தப் பெயருள்ளவற்றை மட்டும் தொடட்டும். முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். குறி இல்லாவிட்டால் டி.எஸ்.ஓ. புரொஃபைலில் இருக்கும் ப்ரிஃபிக்ஸைப் பொறுத்துப் பெயர் மாறும். நீங்கள் நினைத்தது ஒன்று, அழிந்தது இன்னொன்று என்று ஆகிவிடும். உங்கள் செஷனே பிடித்துவைத்திருக்கும் டேட்டாசெட்டை முதலில் 'ஃப்ரீ' செய்துவிட்டு, பிறகு 'டெலீட்' கொடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இரண்டாவது வரியில் ஏதாவது பிழை இருந்தால் ஐ.எஸ்.பி.எஃப். திறக்காது, ஸ்கிரிப்ட் மூன்றாவது வரியை முடித்து உடனே நான்காவது வரிக்குப் போய், லாகான் ஆன வேகத்தில் உங்களை வெளியே தள்ளிவிடும். எத்தனை முறை நுழைந்தாலும் இதே கதைதான். பதற வேண்டாம்: லாகான் திரையில் 'கமாண்ட்' வரியைக் காலியாக்கிவிட்டு நுழையுங்கள், 'ரெடி' என்று வரும், ஸ்கிரிப்டைத் திருத்திக்கொள்ளலாம்.

இனி கரண்ட் விஷயம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அணைந்தது அமெரிக்காவில் இருக்கும் மெயின்பிரேமுக்கு உடனே தெரியாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அது சோதிக்கும் வரை, நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். 'இன் யூஸ்' என்று வருவது அதனால்தான். அறுந்தது தெரிந்த பிறகும் சில நிமிடம் உங்களுக்காகக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த நேரத்துக்குள் லாகான் திரையில் 'ரீகனெக்ட்' என்ற இடத்துக்கு முன்னால் 'எஸ்' போட்டு நுழைந்தால், விட்ட இடத்திலேயே திரை வந்து நிற்கும். நேரம் தாண்டினால் செஷன் ரத்தாகும். வெகுநேரம் சும்மா இருந்தால் வரும் 522 அபெண்டும், ஆபரேட்டர் கேன்சல் செய்தால் வரும் 222-ம் இப்படித்தான். இவை எதிலும் உங்கள் ஸ்கிரிப்டின் மூன்றாவது வரி ஓடாது. ஜாப்பையே நடுவில் நிறுத்திவிட்டால் மிச்ச வரிகளைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

இங்கே உங்கள் அப்பாவின் வேலைமுறை உங்களுக்குக் கைகொடுக்கும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சத்தை இரவில் அறையில் வைக்கக்கூடாது என்பது பட்டாசுத் தொழிலில் பாலபாடம். முந்தின நாள் மிஞ்சிய மருந்து மறுநாள் காலையில் வெடித்து உயிர்கள் போன விபத்துகளைச் சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரம் பார்த்திருக்கிறது. அதனால் நல்ல ஃபோர்மேன் சாயங்காலம் கூட்டுவதை மட்டும் நம்பியிருக்கமாட்டார். அன்றைய தேவைக்கு மேல் மருந்து கலக்க விடமாட்டார்; காலையில் கதவைத் திறந்ததும் மிச்சம் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளை உள்ளே விடுவார்.

உங்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும். மிஞ்சவே விடாமல் இருக்க: செஷன் முடிந்த பிறகு தேவைப்படாத டேட்டாசெட்டுக்குப் பெயரே வைக்காதீர்கள். 'அலோக்' கமாண்டில் டேட்டாசெட் பெயரை விட்டுவிட்டு, 'நியூ', 'டெலீட்' என்று மட்டும் கொடுத்தால் சிஸ்டமே ஒரு தற்காலிகப் பெயரை வைத்துக்கொள்ளும். செஷன் எப்படி முடிந்தாலும் அதை அழிப்பது சிஸ்டத்தின் பொறுப்பு. உங்கள் பட்டியலில் பாதி இப்படியே குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

காலைச் சோதனைக்கு: அதே துப்புரவு ஸ்கிரிப்டை அழைக்கும் வரியை, ஐ.எஸ்.பி.எஃப். தொடங்கும் வரிக்கு மேலேயும் ஒருமுறை போடுங்கள். நேற்று கரண்ட் போய் விட்டுப்போனதை இன்றைய லாகான் துடைத்துவிடும். ரீகனெக்ட் ஆகும்போது இந்த வரி ஓடாது. பழைய செஷன்தானே தொடர்கிறது. நல்லதுதான், பாதி வேலையில் இருக்கும் டேட்டாசெட் அழியாது. ஒரு வாரம் லீவில் போனால் மட்டும் மிச்சம் அப்படியே கிடக்கும். அதற்கு, வார இறுதியில் ஓடும் பேட்ச் ஜாப் ஒன்றில் இந்த வேலையைச் சேர்க்கச் சொல்லி லீடிடம் கேட்கலாம். எடிட் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போவது தனிப் பிரச்சினை. எடிட்டில் 'ரெக்கவரி ஆன்' கொடுத்து வையுங்கள், அடித்த வரிகள் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.

லாகாஃப் எக்ஸிட் என்று ஒன்று இருக்கிறதாமே என்று யாராவது சொல்லலாம். இருக்கிறது. டி.எஸ்.ஓ.வுக்கும் உண்டு, ஐ.எஸ்.பி.எஃப். செஷன் முடியும் இடத்துக்கும் உண்டு. ஆனால் அவை சிஸ்டம்ஸ் புரோகிராமர் நிறுவ வேண்டியவை, அந்தச் சிஸ்டத்தில் நுழையும் எல்லோருக்கும் சேர்த்து ஓடுபவை. ஒருவருடைய டெம்ப் டேட்டாசெட்டுக்காக அதைத் தொட எந்த நிறுவனமும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. யூனிக்ஸ் ஷெல்லில் வேலை செய்யும் நாட்களில் மட்டும் பாடு குறைவு: அங்கே 'ட்ராப்' கமாண்டில் 'எக்ஸிட்' என்று சொல்லிவைத்தால், ஷெல் முடியும்போது நீங்கள் குறிப்பிட்டது தானாக ஓடும்.

எழுதி முடித்ததும், அழிக்கும் வரியை எடுத்துவிட்டு, "இதை அழித்திருப்பேன்" என்று பெயர்களை மட்டும் திரையில் காட்டும்படி சில நாள் ஓடவிடுங்கள். ஒழுங்காக வெளியேறிப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே விண்டோவை மூடிப் பாருங்கள். நெட்டைத் துண்டித்தும் பாருங்கள். மூன்றிலும் (கடைசி இரண்டில், ரீகனெக்ட் ஆகாமல் புதிதாக நுழையும் அடுத்த லாகானில்) பட்டியல் சரியாக வந்த பிறகு 'டெலீட்' வரியைச் சேருங்கள். எந்த ஸ்கிரிப்டிலும் பாஸ்வேர்டை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.