கைக்குழந்தையும் இடமாற்ற ஆர்டரும்

அன்புள்ள கண்ணு,

மாப்பிள்ளையை ராணுவம் டெக்சாஸிலிருந்து ஜெர்மனிக்கு மாற்றி ஆர்டர் போட்டுவிட்டது என்று அண்ணன் போனில் சொன்னார். குரலில் பாதி பெருமை, பாதி பயம். "ரெண்டு மாசக் குழந்தையை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரமா?" என்று அண்ணி பின்னாலிருந்து கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. மாப்பிள்ளை மட்டும் முன்னால் போகட்டும், நீ குழந்தையோடு ஊருக்கு வந்துவிட்டு ஒரு வருஷம் கழித்துப் போகலாம் என்பது அண்ணியின் யோசனை. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் பயிற்சிக்கென்று வீட்டை விட்டுப் போகும் நாட்கள் எப்படியும் நிறைய வரும். நாமாகவே அதில் ஒரு வருஷத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்தே போங்கள்.

ஆனால் ஒன்று. நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு உதவி தானாக வரும். அவள் வாய் திறக்கும் முன்பே யாராவது வெந்நீர் வைப்பார்கள், யாராவது குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்க ராணுவத்திலும் உதவிக்குப் பஞ்சமில்லை, நம் ஊரைவிட அதிகமென்றுகூடச் சொல்வேன். ஆனால் அங்கே எதுவும் தானாக வராது. படிவம் நிரப்பினால் வரும், மேசைக்கு முன்னால் போய் நின்று கேட்டால் வரும். கேட்காதவளுக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது. நல்ல வீட்டுப் பெண் வாய்விட்டுக் கேட்க மாட்டாள் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை டெக்சாஸிலேயே விட்டுவிட்டுப் போ.

காகித வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஆர்டர் மாப்பிள்ளை பெயரில் வந்தால் போதாது. 'கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்' கிடைத்து உன் பெயரும் குழந்தையின் பெயரும் அதில் ஏற வேண்டும். அதற்கு முன் உங்கள் இருவருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. குழந்தைக்குத் தேவையான சிகிச்சை போகிற இடத்தில் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். எதையும் மறைக்காதே. இங்கே மறைத்த ஒன்று அங்கே தேவைப்பட்டால், நடுவழியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் இரண்டு. ஒன்று அரசு தரும் கட்டணமில்லாப் பாஸ்போர்ட். பணி நிமித்தமான பயணத்துக்கு மட்டும்தான் அது செல்லும். அதை வைத்துக்கொண்டு முடியிறக்க நம் ஊருக்கு வர முடியாது. அதற்குக் காசு கட்டி எடுக்கும் சாதாரணப் பாஸ்போர்ட் வேண்டும், அதில் இந்திய விசாவும் வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பெற்றோர் இருவரும் நேரில் நிற்க வேண்டும் என்பது விதி. ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் கேட்பார்கள். மாப்பிள்ளை களப் பயிற்சியில் இருக்கும் வாரத்தில் இது நினைவுக்கு வந்தால் என்ன பாடுபடுவாய் என்று யோசித்துக்கொள்.

உன்னுடைய விஷயம் தனி. நீ இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறாய். நாட்டை விட்டுப் போனால் குடியுரிமைக் கணக்கு அறுந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆர்டரின்படி கணவரோடு போய் அங்கே சேர்ந்து வாழும் படைவீரர் மனைவிக்கு, அந்தக் காலமும் அமெரிக்காவில் வசித்ததாகவே கணக்காகும். 2008-ல் வந்த சட்டத் திருத்தம் அது. குடியுரிமை உறுதிமொழியைக்கூட வெளிநாட்டிலேயே எடுத்துக்கொள்ள வழியுண்டு. எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஆர்டரில் இருக்கும் உன் பெயர்தான், அதனால்தான் அதை முதலில் சொன்னேன். உன் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையா என்பதைப் படைத்தளத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் இப்போதே கேள்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், அண்ணி சிரிப்பார். அடுத்த பிள்ளை அங்கேயே பிறந்தால், ராணுவ மருத்துவமனை அமெரிக்க மண் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். அது ஜெர்மன் மண்தான். பிறந்ததை அமெரிக்கத் தூதரகத்தில் பதிந்து சான்று வாங்க வேண்டும். படைக் குடும்பத்துக்கு அங்கே பிள்ளை பிறப்பது புதிதல்ல: 'டை ஹார்டு' நடிகர் புரூஸ் வில்லிஸ் 1955-ல் பிறந்தது நீ போகிற வட்டாரத்திலுள்ள இடார்-ஓபர்ஷ்டைன் என்ற ஊரில்தான். அப்பா அமெரிக்கச் சிப்பாய், அம்மா ஜெர்மன்காரர்.

இனி மூட்டை கட்டுவது. சாமான் கட்ட வருகிறவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிவிடுவார்கள். குப்பைத்தொட்டியைக் குப்பையோடு கட்டி அனுப்பிய கதையைப் படைக் குடும்பங்களில் கேட்காத வீடில்லை. பாஸ்போர்ட், ஆர்டர் நகல்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டை, மருந்து, பால் எடுக்கும் பம்ப், கார் சீட் இவற்றையெல்லாம் முதல் நாள் ராத்திரியே காரில் வைத்துப் பூட்டிவிடு. சாமான் இரண்டு பிரிவாகப் போகும். சின்னப் பிரிவு முன்னால் வரும், பெரியது கப்பலில் ஒன்றிரண்டு மாதம் கழித்து வரும். தொட்டிலும் குளியல் தொட்டியும் சின்னப் பிரிவில் போகட்டும். வரும்போது குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் துணி எடுத்து வை. அங்கே மின்சாரம் 230 வோல்ட். பம்பின் அடியில் 100–240 என்று போட்டிருந்தால் கவலையில்லை, பிளக் மாற்றி போதும். வெறும் 120 என்றால் செருகிய நிமிஷமே புகைந்துவிடும்.

பால்டிமோரிலிருந்து ராம்ஷ்டைனுக்கு ராணுவமே வாடகைக்கு எடுத்து ஓட்டும் விமானம் உண்டு. பெரும்பாலும் அதில்தான் போவீர்கள். இறங்கும்போது பால் கொடு, விழுங்க விழுங்கக் காதடைப்பு விடும். உனக்கும் ஒரு மாற்றுச் சட்டை கைப்பையில் இருக்கட்டும். குழந்தைக்கு மட்டும் எடுத்து வைத்துவிட்டு, வாந்தி நாற்றத்தோடு கடல் தாண்டுகிற அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டெக்சாஸுக்கும் ஜெர்மனிக்கும் 7 மணி நேர வித்தியாசம். முதல் வாரம் நடுராத்திரியில் குழந்தை விளையாடத்தான் செய்யும். விடிந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் காட்டு, ராத்திரி விளக்கைப் போடாதே. தன்னால் சரியாகும்.

நீங்கள் போகிற கைசர்ஸ்லௌட்டர்ன் வட்டாரத்தில் சுமார் 50,000 அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இவ்வளவு பெரிய அமெரிக்கப் படைச் சமூகம் வேறெங்கும் இல்லை. அதனால் தனிமை இருக்காது என்று நினைக்காதே. கூட்டம் பெரிதாக இருப்பதும் உன் கதவை ஒருவர் தட்டுவதும் வேறு வேறு. போய்ச் சேர்ந்ததும் நீ போக வேண்டிய இடம் ஏ.சி.எஸ். என்று சொல்லும் குடும்ப நல அலுவலகம். சாமான் வரும்வரை தட்டு, பாத்திரம், குழந்தை நாற்காலி, தொட்டில் எல்லாம் அங்கே இரவல் தருவார்கள். அங்கேயே 'நியூ பேரன்ட் சப்போர்ட்' என்று ஒரு திட்டம்: செவிலியரோ சமூகப் பணியாளரோ உன் வீட்டுக்கே வந்து, தாய்ப்பால், தூக்கம், அழுகை எதைக் கேட்டாலும் சொல்லித் தருவார். காசில்லை. குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை வருவார்கள். படைத்தளத்துக்குள் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் இப்போதே இணையத்தில் பெயர் கொடுத்துவிடு; வேலைக்குப் போகிறாயோ இல்லையோ, வரிசை நீளம்.

படை தரும் வீடுகள் பல, லிஃப்ட் இல்லாத மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள். குழந்தை, தள்ளுவண்டி, காய்கறிப் பை மூன்றையும் ஒரே தடவையில் ஏற்ற முடியாது. வண்டி கீழேயே கிடக்கட்டும், குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணி வாங்கிக்கொள். நம்ம புடவைத் தூளி கட்ட அங்கே உத்தரத்தில் வளையமும் இருக்காது. கட்டிலில் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதையும் அங்கே டாக்டர்கள் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தை உன் அறையிலேயே இருக்கட்டும், தனித் தொட்டிலில், மல்லாந்து படுக்கட்டும் என்பார்கள். இதில் நான் அவர்கள் பக்கம்தான்.

அண்ணி பார்சலில் என்னென்ன வைப்பார் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில்கூடத் தடவ வேண்டாம், அதிலுள்ள கிருமி சின்னக் குழந்தையின் நரம்பை முடக்கும். வசம்பை உரைத்து வாயில் விடவும் வேண்டாம். கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு, யாரும் தடுக்கப்போவதில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து தினம் 400 யூனிட் மறக்காமல் கொடு. அங்கே டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், நம்ம நிறத்துத் தோலுக்கு அந்த வெயில் போதாது. 6 மாதத்துக்குப் பிறகு ஊருக்கு வருவதாக இருந்தால், தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே ஒன்று போடச் சொல்லிக் கேள். அது வழக்கமான இரண்டில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு அந்த இரண்டையும் போட வேண்டும்.

பெரிய சிகிச்சைக்கு லாண்ட்ஷ்டூல் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. சில சமயம் ஜெர்மன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மொழிபெயர்க்க ஆள் உண்டு, அதையும் கேட்டால்தான் வருவார். காய்ச்சலுக்குச் சிரப் கேட்டால் ஜெர்மன் மருந்துக்கடையில் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையை நீட்டுவார்கள், மிரளாதே, அங்கே அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், மருந்துக்கடை மட்டும் முறைவைத்து ஒன்று திறந்திருக்கும். அவசரத்துக்கு எண் 112. டயப்பர் தீர்ந்து நடுத்தெருவில் நின்றால் 'டிஎம்' என்ற கடைக்குள் நுழை. மாற்றும் மேசையும் டயப்பரும் இலவசமாக வைத்திருப்பார்கள்.

இப்போது உன்னைப் பற்றி. குழந்தையைப் பரிசோதிக்கப் போகும்போது உன்னிடமும் 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தருவார்கள். எடின்பரோவில் 1987-ல் உருவாக்கியது. அழுகை வருகிறதா, தூக்கம் போனதா, உன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாயா என்று கேட்கும். நல்ல பெண் என்று மார்க் வாங்கும் பரீட்சை இல்லை அது. உள்ளதை எழுது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். ஊர் மாறி, ஆள் மாறி, இருட்டு மாதங்களில் நாலு சுவருக்குள் இருப்பவளுக்கு அது வந்தால் ஆச்சரியமில்லை. சொன்னால் மாப்பிள்ளையின் பதவி உயர்வுக்குக் கெடுதல் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அந்தப் பயத்தில் வாய் மூடிக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும், எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. தாளில் எழுதக் கூசினால் படைத்தளத்து மதகுருவான சாப்ளினிடம் போ. எந்த மதமானாலும் பேசலாம், நீ சொன்னது அவரைத் தாண்டிப் போகாது.

மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறந்ததற்காக 12 வார விடுப்பு உண்டு, ஒரு வருஷத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் இங்கேயே தீர்த்துவிடாமல், அங்கே போய்ச் சேர்ந்த பிறகுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ள அவருடைய மேலதிகாரியிடம் இப்போதே பேசட்டும். பிறகு அவர் பயிற்சிக்குக் கிராஃபன்வேருக்கோ போலந்துக்கோ போய்விடுவார். 'யுனைட்டெட் த்ரூ ரீடிங்' என்ற அமைப்பு, படைவீரர் கதை படிப்பதை வீடியோ எடுத்துப் பிள்ளைக்கு அனுப்ப உதவுகிறது. 1989 முதல் இதைச் செய்கிறார்கள். அவரைத் தமிழிலேயே படிக்கச் சொல். உச்சரிப்புக் கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை, குழந்தைக்கு அது அப்பா குரல்.

உதவிக்கு அண்ணி ஜெர்மனிக்கு வந்து தங்குவது நல்லதுதான். ஆனால் அவர் ராணுவத்தின் கணக்கில் 'குடும்பம்' இல்லை. ஷெங்கன் விசா எடுக்க வேண்டும், 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு இல்லாமல் விசாவே கிடைக்காது. ராணுவ மருத்துவமனை அவரைப் பார்க்காது. படைத்தள வாசலில் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டு உள்ளே கூட்டிப்போக வேண்டும். போய் இறங்கிய வாரமே வரச் சொல்லாதே. சாமான் வந்து, மாப்பிள்ளையின் விடுப்பு முடிந்து, அவர் வெளியூர் கிளம்புகிற நேரம் பார்த்து அந்த 90 நாளைச் செலவழி. கறிவேப்பிலையை அண்ணி மூட்டையில் கட்டிவர வேண்டியதில்லை. பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. முடிந்தால் ஒரு வார இறுதியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் காரில் அழைத்துப் போங்கள். 2002-ல் குடமுழுக்கான கோபுரக் கோயில், ஈழத்தமிழர் எழுப்பியது. அங்கே வருகிற அம்மாக்கள், உதவிக்கு ஆளில்லாத ஊரில் பிள்ளை வளர்த்தவர்கள். அவர்களிடம் பேச்சுக்கொடு.

படைக் குடும்பங்களில் சினேகிதம் நாலு வருஷம் பழகிக் கனிகிற விஷயமில்லை. கோடை வந்தால் பாதிப் பேர் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அதனால் முதல் வாரத்திலேயே மாடிப்படியில் பார்க்கிறவளிடம் பெயர் கேள், போன் நம்பர் வாங்கு, "எனக்கு உடம்புக்கு முடியலேன்னா ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துப்பியா?" என்று நேரடியாகக் கேள். அவளும் அப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பாள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. நீங்கள் இருவரும் ஒன்றாகப் போய்க் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுங்கள். மாப்பிள்ளையின் புதிய பிரிவு உங்களுக்கென்று நியமிக்கும் ஸ்பான்சர் யார் என்று விசாரித்து, கைக்குழந்தை வருகிறது என்று அவருக்கு நீயே ஒரு வரி எழுது. மற்றதை அடுத்த கடிதத்தில் பேசுவோம்.

அன்புடன்,
உன் அத்தை