கடிதத்துக்கு முன் ஓடிய லோரி

மலேசியாவின் ஜாசின் வட்டாரத்துக் காய்கறித் தோட்டங்களில் விலை சரிந்ததனால் பறிப்பாரின்றி நிற்கும் வெண்டையையும், வளைந்திருக்கிறதென்று வியாபாரி தள்ளிவிட்ட வெள்ளரியையும் ஏற்றி வந்து மெர்லிமாவ், பெம்பான், ஆசகான் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று எங்கள் சங்கம் சங்கற்பித்தபோது, காய் இனாமாகக் கிடைத்தாலும் பறிகூலியும் லோரி வாடகையும் இனாமாகக் கிடைக்கமாட்டா என்பதை நான் நன்கறிந்திருந்தேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்த நாட்களில் கேமரன் மலையில் காய்கறிகளைக் குவியல் குவியலாகக் கொட்டியழித்த காட்சியைக் கண்ட எவருக்கும் இது விளங்கும்.

இதற்காக மானியம் கேட்க முனைந்தபோது, குளிரறைக்கே கேட்போமென்று செயற்குழுவில் இருவர் பிடிவாதம் பிடித்தனர். அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம், விளைபொருளை உணவு வங்கிக்குச் சேர்ப்பதற்கென ஆண்டொன்றுக்கு 40 லட்சம் டாலர் வரை ஒதுக்கியபோது, அறுவடை, பக்குவம் செய்தல், கட்டுதல், ஏற்றிச் செல்லல் ஆகியவற்றுக்கே அப்பணத்தை உரித்தாக்கியது. ஆகவே லோரிக்குக் கேட்பதே யுக்தமென்று நான் வாதித்தேன். அது சரியென்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

மானிய விண்ணப்பத்துக்கு வேண்டிய சங்கப் பதிவுப் பத்திரம், வங்கிக் கணக்கு, கெர்தாஸ் கெர்ஜா எனப்படும் திட்ட அறிக்கை, மூன்று கடைகளின் விலைப்பட்டியல் என்பனவெல்லாம் நீங்களும் ஆயத்தம் செய்யக்கூடியவையே. தோட்டக்காரர் தயங்கினால், நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரைக் காக்கும் மலேசியாவின் 2020-ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

நான் செய்த பிழை வேறு. மானிய அலுவலகத்து உத்தியோகஸ்தர் ஒருவர் தொலைபேசியில் "சுடா லுலுஸ்" (ஒப்புதல் கிடைத்துவிட்டது) என்று சொன்ன வாக்கை நம்பி, மறுநாளே லோரியை அமர்த்திவிட்டேன். "அண்ணே, கடிதம் கைக்கு வரட்டும்" என்று பொருளாளர் தடுத்தார். மழைக்காலத்தில் கீரை கடிதத்துக்காகக் காத்திருக்குமா என்று நான் கேட்டேன். வாரம் இரண்டு நடை, நடைக்கு 240 வெள்ளி, ஐந்து வாரம் ஓடியது. பின்னர் வந்த ஒப்புதல் கடிதத்தின் வலது மூலையில் ஊதா மையில் குத்தியிருந்த தேதி, எங்கள் பத்தாவது ரசீதுக்கும் மூன்று நாள் பிந்தியதாயிருந்தது. கடிதத் தேதிக்கு முந்திய செலவு ஏற்கத்தக்கதன்றென்று, கீரைக் கறை படிந்த அந்த ரசீதுகள் பத்தும் ஒரே உறையில் திரும்பி வந்தன. தொலைபேசியில் பேசியவர் அதற்குள் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார்.

ஆகையால் எவர் எத்தனை இனிமையாகச் சொன்னாலும், கடிதத்தின் தேதியை உங்கள் கண்ணால் பாராமல் ஒரு காசும் செலவிடாதீர்கள். வாயால் ஒப்புதல் சொன்னால், அன்றைக்கே அதை எழுதியனுப்பி, பதில் எழுத்தைப் பெறுங்கள். தோட்டத்திலேயே எடை போட்டுச் சீட்டில் கையொப்பம் வாங்குங்கள். வழியில் வாடிய கீரையின் எடை குறைவதைத் தணிக்கையாளர் அறியமாட்டார்.

லோரிக்காரருக்குரிய 2,400 வெள்ளியை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். பொருளாளர் அதை நன்கொடையென்று பதிந்திருக்கிறார். அந்தப் பதிவை நான் ஏற்கவில்லை. அது சங்கம் எனக்குத் தரவேண்டிய கடன்.