கிறித்துவ சமயத்திற் சாவின் பின் உயிர்நிலை

பிறர் மதத்தை ஆராயப் புகுவார், முதற்கண் அம்மதத்தார் கூற்றை அவரே கூறுமாறு நிறுத்திப் பின்னரே மறுத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்திற் கைக்கொண்ட முறை இதுவேயாம். கிறித்துவ சமயத்தைப்பற்றி நம்மவர் பேசுங்கால் இம்முறை பெரும்பாலும் நெகிழ்ந்துவிடுகின்றது. ஒரு பிறப்பு, இறந்தபின் சுவர்க்கம் அல்லது மீளா நரகம் என்னும் அளவில் அவர் கொள்கையைச் சுருக்கி, அச்சுருக்கத்தையே மறுத்து அமைகின்றனர். அச்சுருக்கம் முழுப் பொய்யன்று, முழு மெய்யுமன்று.

கிறித்துவப் பிரிவினருட் பெரும்பாலார்க்கு ஒத்தன மூன்று. உயிர் அநாதியன்று, இறைவனாற் படைக்கப்பட்டது என்பது ஒன்று. அதற்குப் பிறப்பு ஒன்றே என்பது மற்றொன்று. உலகமுடிவிற் கிறித்து மீண்டும் வர, இறந்தோர் உடம்போடு எழுந்து தீர்ப்புப் பெறுவர் என்பது மூன்றாவது. இனி, இறந்த நாளுக்கும் அவ்விறுதி நாளுக்கும் இடையில் உயிர் எங்ஙனம் இருக்கும்? இவ்வினாவிலேயே அவர் பலதிறப்படுவர்.

கத்தோலிக்கர், உயிர் பிரிந்தவுடன் தனித்தீர்வையும் உலகமுடிவிற் பொதுத்தீர்வையும் உண்டென்பர். இதுவும் எளிதில் முடிந்த முடிபன்று. உரோமையின் நீங்கி அவிஞோன் நகரிலிருந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான், தூயோர் உயிரும் பொதுத்தீர்வைக்கு முன் இறைவனை நேரிற் காணாது என 1331-இற் பிரசங்கித்தார். அறிஞர் பலர் எதிர்த்தனர். 1334-இல் இறக்குந் தறுவாயில் அவர் தங்கூற்றை மீட்டுக்கொண்டார். அடுத்துவந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல், கழுவவேண்டிய குற்றம் எஞ்சாத உயிர்கள் இறந்தவுடனே இறைவனைக் காணுமென்றும், சாவான பாவத்தோடு இறந்தோர் உடனே நரகடைவரென்றும் வரையறுத்தார்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே உத்தரிக்கிற ஸ்தலம். அருளுக்குட்பட்டு இறந்தும் குற்றத்தின் எச்சம் தீராதார் அங்கே தூய்மையெய்துவர். பிளாரன்ஸ் சங்கம் 1439-இலும், திரெந்து சங்கம் 1563-இலும் இதனை உறுதிசெய்தன. நம்மவர் சிலர் இதனை மறுபிறப்போடு ஒப்பிடுவர். அது பொருந்தாது. அங்குச் செல்வார் யாவரும் முத்திக்கு உரியர் என முன்னரே துணியப்பட்டவர். புதிதாக வினையீட்டுதலும் மனந்திருந்துதலும் அங்கில்லை. கீழைத்தேயத்துக் கிரேக்கச் சபையார் இறந்தோர்க்காக வேண்டுதல் செய்வரேனும், உத்தரிக்கும் நெருப்பு என்பதனை ஏலார்.

லூதர் 1517-இற் பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுக்களைக் கண்டித்தெழுந்தபின், அவர் வழியினர் நாளடைவில் அந்நிலையையே ஒழித்தனர். கத்தோலிக்கர் சான்றுகாட்டும் மக்கபேயர் இரண்டாம் நூலை அவர் மறைநூலாகக் கொள்ளார். சாவை உறக்கமென லூதர் பலகாற் கூறினர். உயிர் உறங்குமென்பதை மறுத்துக் கால்வின் எழுதிய நூல் 1542-இல் அச்சேறிற்று. 1863-இல் அமைப்புற்ற ஏழாம்நாள் அட்வெண்டிஸ்டு சபையாரோ, இறந்தோர் உயிர்த்தெழுங்காறும் அறிவற்றிருப்பர் என்றும், தீயோர் முடிவில் அழிந்தொழிவரன்றி என்றும் வேதனையுறார் என்றும் கூறுவர்.

இனி, நரகம் மீளாததோ என்னும் வினாவும் அவருள் எழாமலில்லை. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகென், தண்டனையெல்லாம் மருந்தே, உயிர்களெல்லாம் முடிவில் இறைவனை அடையுமெனக் கருதினார். அகுஸ்தீன் தம் கடவுள் நகரம் என்னும் நூலின் இருபத்தொன்றாம் பகுதியில் மீளா நரகத்தை வாதித்து நிறுவினார். ஒரிகென் 553-இற் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தாற் கண்டிக்கப்பட்டார். ஆயினும் அவ்வெண்ணத்தையொட்டிய நிஸ்ஸா நகரத்துக் கிரகோரியார் இன்றும் தூயோருள் வைத்துப் போற்றப்படுகின்றார்.

இவற்றைச் சித்தாந்த நெறியில் நின்று நோக்குவாம். கருவிகள் முற்றும் நீங்கிய உயிர் ஒன்றும் அறியாது கிடத்தல் கேவலம் எனப்படும். ஆதலின், உடம்பின்றி உணர்வில்லை என்பார் கூற்றில் ஓருண்மை உளது. ஆயின் சாவில் நீங்குவது பரு உடம்பே; சூக்கும உடம்பு உடன்செல்லுதலின் இன்பதுன்ப நுகர்ச்சி தடைப்படாது. இது கொள்ளாத கத்தோலிக்கரை, உடம்பற்ற உயிர் எக்கருவியால் வெந்து வருந்தும் என வினாவுதல் முறையாம்.

இதனினும் பெரியது தண்டனையின் பயன் பற்றிய வினா. உத்தரிக்கிற ஸ்தலத்தில் துன்பம் அழுக்கைக் கழுவுகின்றது. நரகத்தில் அத்துன்பமே ஒன்றனையும் கழுவாது என்றும் எரிக்கின்றது. ஒரே இறைவன் செயல் ஓரிடத்து மருந்தாய், ஓரிடத்துப் பயனின்றி நிற்பது எங்ஙனம்? நம் சமயத்தில் நரகமும் வினை கழித்தற்கு அமைந்த இடமே, கழிந்தபின் மீட்சியுண்டு. ஒறுத்தலும் மறக்கருணையாம்.

இதற்கு அவர் விடை கூறாமலில்லை. சாவோடு உயிரின் விருப்பம் ஒருதலையாய் நிலைத்துவிடும். நரகம் இறைவன் கொடுமையன்று, உயிர் தானே அவனை மறுத்த மறுப்பு என்பர். இது எள்ளத்தக்க விடையன்று. ஆயினும், அம்மறுப்புக்குக் காரணம் யாது? உயிரின் இயல்பே எனின், இயல்பை அமைத்த படைப்போன்மேற் குற்றம் சாரும். இயல்பன்று எனின், பிறிதொரு மறைப்பு உண்டென்பது பெறப்படும். அம்மறைப்பையே நாம் ஆணவம் என்கின்றோம். இயல்பல்லாதது நீக்கத்தக்கது, உடம்பு வீழ்ந்தமை ஒன்றே பற்றி அது நீங்குதற்கு வழியடைபட்டதெனல் அமையாது.

இங்ஙனம் கூறுவதால் நாம் செம்மாந்திருத்தல் தகாது. பிறவி பலவுண்டு என்னுந் துணிவு சோம்பலுக்கு இடமாயின், ஒரு பிறப்பே உண்டென்று அஞ்சி வாழ்வார் நம்மினும் மேம்பட்டவராவர். மானுடப் பிறவியின் அருமையை நம் ஆசிரியன்மார் வற்புறுத்தியது இதுபற்றியே. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையில் விளக்கேற்றி வேண்டுங் கத்தோலிக்கரும், மாளயத்தில் எள்ளும் நீரும் இறைக்கும் நம்மவரும் இறந்தார்பால் வைத்த அன்பில் ஒப்பர். கொள்கை வேற்றுமையை ஆராய்வார் இவ்வன்பை இகழாது ஆராய்க. நாம் எடுத்துக்கூறும் பூர்வபக்கத்தைக் கேட்ட கிறித்துவர் ஒருவர், ‘ஆம், எம் கொள்கை இதுவே’ என்று தலையசைத்தல் வேண்டும். அதன்பின்னரே நம் மறுப்புக்கு வலியுண்டாம்.

திருச்சிற்றம்பலம்.