வெள்ளியைக் காண வந்தவர்

புதுச்சேரிக் கடற்கரையில் நின்று காலைக் கதிரவனைக் கண்டு மகிழ்வோர் பலர். 1769ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அந்நகரில் ஒருவர் கதிரவன் எழுவதை ஆவலோடு எதிர்நோக்கியிருந்தார். அந்த ஒரு காலைப்பொழுதுக்காக அவர் தாய்நாட்டைப் பிரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயர் கியோம் லெ ஜாந்தி. பாரிசு நகரத்து அறிவியற் கழகத்தைச் சார்ந்த வானியலார்.

பூமிக்கும் ஞாயிற்றுக்கும் நேர் இடையே வெள்ளிக் கோள் வருங்கால், ஞாயிற்றின் முகத்தில் கரும்பொட்டு ஒன்று ஊர்வதுபோலத் தோன்றும். இதனை வெள்ளியின் இடைநகர்வு என்பர். எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின், நூறாண்டுக்குமேல் இது நிகழாது. மாணவர்களே, உங்கள் சுட்டுவிரலை முகத்தின்முன் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும் அன்றோ? அவ்வாறே, உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து காண்போர்க்கு அப்பொட்டின் பாதை சற்றே வேறுபடும். அவ்வேறுபாட்டைக்கொண்டு ஞாயிற்றின் தொலைவை அளக்கலாம் என்று ஆங்கில வானியலார் ஹாலி வழிகாட்டியிருந்தார்.

1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நிகழவிருந்த இடைநகர்வைப் புதுச்சேரியில் நோக்கவே லெ ஜாந்தி 1760இல் புறப்பட்டார். அப்போது பிரெஞ்சுக்காரர்க்கும் ஆங்கிலேயர்க்கும் போர் மூண்டிருந்தது. அவர் கப்பல் மலையாளக் கரையை அணுகியபோதுதான் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்ட செய்தி எட்டியது. கப்பல் திரும்பிற்று. குறித்த நாளில் நடுக்கடலில் இருந்தே அவர் வெள்ளியைக் கண்டார். ஆடும் கப்பலில் ஊசற் கடிகாரம் ஒழுங்காக ஓடுமா? கண்டது கணக்கிற்கு உதவவில்லை.

அடுத்த இடைநகர்வு வரையில் கீழ்த்திசையிலேயே தங்குவதென அவர் துணிந்தார். மணிலா சென்று, பின் 1768இல் புதுச்சேரியை அடைந்தார். அந்நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்தது. இடிந்த கோட்டையின்மீது வானிலையம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர், பழம்பகையைப் பாராட்டாது, நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர்.

காத்திருந்த மாதங்களில், தமிழ்க் கணியர் ஒருவரிடம் நம் நாட்டு வானியல் முறையை அவர் கேட்டறிந்தார். முன்பே நிகழ்ந்திருந்த 1765 ஆகஸ்ட் 30ஆம் நாளின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுமாறு வேண்டினார். கணியர் ஓலையையோ எழுத்தாணியையோ தொடவில்லை. மனப்பாடமான வாய்பாடுகளை ஓதியவாறே சோழிகளைத் தரையில் பரப்பி, கூட்டியும் கழித்தும் கிரகணம் நீடித்த நேரத்தைக் கூறினார். அது உண்மையினும் 41 வினாடியே குறைவாயிருந்தது. ஐரோப்பியர் போற்றிய மேயர் என்னும் ஜெர்மானியரின் அட்டவணையோ 68 வினாடி மிகையாகக் காட்டிற்று! லெ ஜாந்தி வியந்ததில் வியப்பென்ன?

ஜூன் 3ஆம் நாள் இரவு வானம் தெளிந்திருந்தது. விடியற்காலையில் மேகம் திரண்டது. வெள்ளி ஞாயிற்றைக் கடந்து முடியும்வரை அம்மேகம் விலகவில்லை. முடிந்த சிறிது நேரத்தில் கதிரவன் ஒளியுடன் வெளிப்பட்டான். முதலில் அவர் தங்கி நோக்க எண்ணியிருந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவாகவே இருந்தது. பல நாள்வரை நாட்குறிப்பு எழுதவும் அவருக்குக் கை எழவில்லை.

1771இல் அவர் பிரான்சு திரும்பியபோது, இறந்தவராகவே கருதப்பட்டிருந்தார். உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவரது இடமும் பிறர்க்குச் சென்றிருந்தது. பின்னர் அவர் கழகத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார். தம் பயண வரலாற்றை 1779இலும் 1781இலும் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் கண்ட சோழிக் கணக்கு அந்நூலில் விரிவாக இடம்பெற்றுள்ளது.