வீட்டுக்கு ஒரு மியூசிக் சர்வர்: எதை வாங்குவது?
(மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



பாட்டுக் கேட்க எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, அப்புறம் மியூசிக் சர்வர் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இணையத்தில் கிடைக்கிற பாட்டுக்கு அது தேவையே இல்லை. ஆனால் எங்கள் அப்பாயி பாடிய கும்மியும் தாலாட்டும் எந்த இணையத்திலும் கிடைக்காது. அப்பா மைக் செட் கடையில் வேலை பார்த்த காலத்தில் 23 கேசட்டுகளில் பதிவு செய்து வைத்தார். அப்பாயி இன்று இல்லை. டேப்பிலோ காந்தத் தூள் உதிர ஆரம்பித்துவிட்டது. உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

மியூசிக் சர்வர் ஒன்றும் பெரிய பூதம் இல்லை. பாட்டைச் சேர்த்து வைக்க ஒரு டிஸ்க், தேடி எடுத்துத் தர ஒரு சின்ன கம்ப்யூட்டர், எண்ணை மின்னழுத்தமாக மாற்ற ஒரு டி.ஏ. கன்வர்ட்டர் (லேபில் ஆர்-2ஆர் லேடர் கட்டினோமே, அதேதான்!). அதற்குப் பின்னால் வீட்டிலிருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும்.

முதலில் கணக்கு. சி.டி. ஒலியில் விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், சேனல் இரண்டு. பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட்; ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. 2001-ல் வந்த ஃப்ளாக் என்னும் முறை ஒரு பிட்கூட இழக்காமல் இதை ஏறக்குறையப் பாதியாக்கும். எம்.பி.3 இன்னும் சிறிதாக்கும். ஆனால் காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்தது திரும்பாது. ஆகவே மூலப் பதிவு ஃப்ளாக்கில்தான் இருக்க வேண்டும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். மயங்க வேண்டாம்! சாம்பிளிங் தேற்றப்படி 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடும். நம் காது 20-ஐத் தாண்டாது. 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் கிடைக்கிறது. சாதாரண கேசட் 60-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். பதிவு செய்யும்போது மட்டும் 24 பிட் வைத்துக்கொண்டால் லெவல் வைக்கச் சௌகரியம்.

இனி பெட்டி. ரெடிமேடாக வாங்கலாம் என்பவர்கள் ஸ்குவீஸ்பாக்ஸ் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ல் அந்தக் கம்பெனியை லாஜிடெக் வாங்கியது; 2012-ல் பெட்டி தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் சர்வர் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் ஆர்வலர்கள் விடவில்லை. இன்று லிரியான் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. கம்பெனி கடையைச் சாத்தினாலும் நம் பாட்டு நம்மிடம் இருக்கணும். நான் பார்த்த முதல் தகுதி இதுதான்.

பழைய டெஸ்க்டாப் போதுமே என்றால், 50 வாட் இழுத்தால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், ஃபேன் சத்தம் தனி. ராஸ்பெர்ரி பை 4-க்கு 15 வாட் அடாப்டர் போதும், ஓடும்போது அதைவிடக் குறைவாகவே எடுக்கும். அதன் ஹெட்போன் ஜாக் சுமார்தான். பை 5-ல் அதுவும் கிடையாது. 40 பின்னில் செருகும் டி.ஏ.சி. போர்டு ஒன்று வாங்கிவிடுங்கள். கரண்ட் திடீரென்று போனால் எஸ்.டி. கார்டு கெட வாய்ப்புண்டு. அதனால் பாட்டு தனி டிஸ்க்கில் இருக்கட்டும்.

யாருமே சொல்லாத ஒரு விஷயம்: யார் கேட்கப் போகிறார்கள்? அப்பாவுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆல்பம் பெயர் எவ்வளவு அழகாக வந்தாலும் அவருக்குப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படம் சேர்த்தேன். தாலாட்டுக்குத் தூளி, நடவுப் பாட்டுக்கு நாற்று. போனில் படத்தைத் தொடுகிறார், பாக்ஸில் அவர் அம்மா பாடுகிறார். படம் பெரிதாகத் தெரியாத மென்பொருளை நான் அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

மிச்சக் காசில் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் மாட்டுவது போதாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். எங்களுடைய இரண்டாவது டிஸ்க் அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது.

கேசட் வைத்திருப்பவர்கள் லேப் முடிந்ததும் வாருங்கள், சேர்ந்தே பதிவு செய்யலாம். ஹெட் அசிமுத் திருக ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும், ஓடுகிற டெக் ஒன்றும் கொண்டு வந்தால் நல்லது.